எச்சமின்றி மறைந்த முதல் விண்மீன்கள்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



நம் கழகத்தின் 25 ஆண்டு நிறைவு விழாவில் கல்வியைப் பற்றியும், வேலைவாய்ப்பைப் பற்றியும், சட்டம் நமக்கு அளித்துள்ள உரிமைகளைப் பற்றியும் பலர் பேசியுள்ளனர். நமக்குத் தரப்பட்ட பொருள் அறிவியல். அதிலும் நாம் எடுத்துக்கொண்டது விண்மீன்களின் இறப்பு. உலகம் தோன்றிய பின் முதன்முதலாக ஒளிவிட்ட மிகப் பெரிய விண்மீன்கள் எவ்வாறு மாண்டன என்பதே இவ்வுரையின் பொருள். வயிற்றுப்பாட்டுக்கே வழி தேடும் மக்களுக்கு வானத்து ஆராய்ச்சி எதற்கு என்று சிலர் வினவக்கூடும். அவ்வினாவுக்கு விடை கூறிவிட்டே மேலே செல்ல விரும்புகிறோம்.

நம் பாட்டன்மார் இரவெல்லாம் வயலில் காவல் காத்தவர்கள். பின்னிரவில் எழுந்து ஏற்றம் இறைத்தவர்கள். கடிகாரம் இல்லாத அந்நாளில் அவர்கள் விடிவெள்ளியையும் கார்த்திகைக் கூட்டத்தையும் பார்த்தே பொழுதைக் கணித்தார்கள். வானத்தை அவர்கள் அறிந்திருந்தார்கள். ஆயினும் வானத்தைப் பற்றி எழுதப்பட்ட ஏடுகள் அவர்கள் கைக்கு எட்டவில்லை. நாளும் கோளும் பார்த்துச் சொல்லும் அதிகாரம் வேறொருவர் கையில் இருந்தது. பார்க்கும் கண் நம்முடையது, விளக்கம் கூறும் வாய் பிறருடையது என்ற நிலை அது. அந்நிலை மாற வேண்டுமானால் வானத்தைப் பற்றிய அறிவும் நம் பிள்ளைகளுக்கு வந்தாக வேண்டும்.

நாம் அறிவியலில் பட்டம் பெற்றவர் அல்லோம். கலைப் பட்டமும் ஆசிரியப் பட்டமும் பெற்று அரசுப் பள்ளியில் பணியாற்றுபவர். ஆகவே கணக்குச் சூத்திரங்களைக் கூறப்போவதில்லை. ஆனால் காரண காரியத் தொடர்பு அறுபடாமல் கூற முயல்வோம். பொறுமையுடன் கேட்டால் பத்தாம் வகுப்பு மாணவரும் இதனை விளங்கிக்கொள்ளலாம்.

விண்மீன் எதனால் ஆனது?

முதலில் ஒரு வரலாற்றை அறிதல் வேண்டும். இன்று வங்கதேசத்தில் உள்ள டாக்கா நகருக்கு அருகே ஒரு சிற்றூரில் 1893-ஆம் ஆண்டு பிறந்தவர் மேகநாத சாகா. அவர் தந்தை சிறு மளிகைக் கடை வைத்திருந்தவர். ஊரில் மேல்வகுப்புப் பள்ளி இல்லாமையால், தொலைவில் இருந்த வேற்றூரில் ஒரு மருத்துவரின் ஆதரவில் தங்கி அவர் படித்தார். பின்னர்க் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் சேர்ந்து மாணவர் விடுதியில் தங்கினார். அங்கே உயர்ந்த சாதியினர் எனத் தம்மைக் கருதிய மாணவர்கள் அவருடன் ஒரே பந்தியில் உண்ண மறுத்தனர். சரசுவதி பூசையிலும் அவரை ஒதுக்கினர். சாகா தீண்டாமைக்கு ஆளான வகுப்பினர் அல்லர். ஆயினும் தாழ்ந்தது என்று கருதப்பட்ட வகுப்பில் பிறந்தவர். கல்விக் கடவுளின் பூசையில் இடம் மறுக்கப்பட்ட அந்த மாணவர்தாம், 1920-ஆம் ஆண்டு, விண்மீனின் ஒளியைக் கொண்டு அதன் வெப்பநிலையையும் உட்பொருளையும் அறியும் கணக்கு முறையை உலகுக்கு அளித்தார். சாகா சமன்பாடு என்று அது இன்றும் உலகெங்கும் பாடமாக உள்ளது. அண்ணல் அம்பேத்கர் பிறந்தது 1891-ஆம் ஆண்டு. இருவரும் ஏறத்தாழ ஒரே வயதினர் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

அச்சமன்பாட்டைப் பயன்படுத்தியவர் ஒரு பெண்மணி. இங்கிலாந்தில் பிறந்த செசீலியா பெய்ன் என்பவர் கேம்பிரிட்ஜில் பயின்றார். பெண்களுக்கு அப்பல்கலைக்கழகம் அந்நாளில் முறையான பட்டம் வழங்குவதில்லை. அவர் அமெரிக்காவில் உள்ள ஹார்வர்டு வானாய்வு நிலையத்துக்குச் சென்று, 1925-ஆம் ஆண்டு தம் ஆராய்ச்சி ஏட்டை முடித்தார். விண்மீன்கள் பெரும்பாலும் ஹைட்ரஜனாலும் ஹீலியத்தாலும் ஆனவை என்பது அவர் கண்ட முடிவு. விண்மீன்களின் சேர்க்கை பூமியின் சேர்க்கையை ஒத்தது என்று நம்பப்பட்ட காலம் அது. புகழ்பெற்ற வானியல் அறிஞர் ஹென்றி நாரிஸ் ரஸ்ஸல் அம்முடிவு சரியாக இருக்க இயலாது என்றார். பெய்னும் தம் முடிவை ஐயத்துக்குரியது என்றே ஏட்டில் எழுத நேர்ந்தது. நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1929-இல், ரஸ்ஸல் தாமே வேறு வழியில் ஆராய்ந்து, பெய்ன் கண்டதே உண்மை என்று ஒப்புக்கொண்டார்.

ஒதுக்கப்பட்ட இருவர் கண்ட உண்மையின் மேல்தான் இன்றைய விண்மீன் அறிவியல் நிற்கிறது. அதனால்தான் இவ்வரலாற்றை முதலில் கூறினோம்.

விண்மீன் நிற்பது எவ்வாறு?

விண்மீன் என்பது பெரியதொரு வாயு உருண்டை. அதன் எடை அதனை உள்நோக்கி இழுத்துக்கொண்டே இருக்கிறது. அவ்விழுப்பைத் தடுத்து நிறுத்தும் ஆற்றல் உள்ளிருந்து வர வேண்டும். நடுவில் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் கூடி ஹீலியம் ஆகின்றன. அப்போது பொருளில் ஒரு சிறு பகுதி ஆற்றலாக மாறுகிறது. நம் சூரியன் ஒவ்வொரு நொடியும் சுமார் 60 கோடி டன் ஹைட்ரஜனை ஹீலியமாக்குகிறது. அதில் சுமார் 40 லட்சம் டன் பொருள் ஒளியும் வெப்பமுமாக மாறிவிடுகிறது.

இந்த வெப்பத்தால் வாயு விரிந்து வெளிநோக்கித் தள்ளுகிறது. ஒளியும் தள்ளுகிறது. ஒளி தள்ளுமோ என்று வியப்படைய வேண்டாம். விளக்கின் ஒளி நம் கையைத் தள்ளுவதை நாம் உணர்வதில்லை. அவ்வளவு மெல்லியது அத்தள்ளல். ஆனால் கோடிக்கணக்கான டிகிரி வெப்பத்தில் ஒளியின் அழுத்தம் மிகப் பெரியது. சூரியனை ஒத்த சிறு விண்மீன்களைத் தாங்குவது பெரும்பாலும் வாயுவின் அழுத்தம். சூரியனைப் போல் நூறு, இருநூறு மடங்கு எடையுள்ள விண்மீன்களைத் தாங்குவதில் ஒளியின் அழுத்தமே முதன்மையானது. இவ்வொன்றை மறவாதீர்கள்: மிகப் பெரிய விண்மீன் ஒளியின் தோளில் நிற்கிறது.

முன்னோர் சொத்து இல்லாத முதல் தலைமுறை

பேரண்டம் தோன்றிச் சுமார் 1,380 கோடி ஆண்டுகள் ஆகின்றன. தொடக்கத்தில் இருந்த பொருள் எடையில் முக்கால் பங்கு ஹைட்ரஜன், கால் பங்கு ஹீலியம், அவற்றுடன் மிகச் சிறிதளவு லித்தியம். கரியும் இல்லை, ஆக்சிஜனும் இல்லை, இரும்பும் இல்லை. இவையெல்லாம் பின்னர் விண்மீன்களுக்குள் ஆக்கப்பட்டவை.

வாயு மேகம் சுருங்கி விண்மீன் ஆக வேண்டுமானால், அது தன் வெப்பத்தை வெளியே விட்டுக் குளிர வேண்டும். இன்றைய மேகங்களில் கரி, ஆக்சிஜன், தூசு ஆகியவை இருப்பதால் அவை நன்கு குளிர்கின்றன. ஆதலால் சிறு சிறு துண்டுகளாகப் பிரிந்து சிறு விண்மீன்கள் ஆகின்றன. முதல் தலைமுறைக்கு அத்தகைய முன்னோர் சொத்து ஏதும் இல்லை. ஹைட்ரஜன் மூலக்கூறுகளின் துணையால் மட்டுமே அம்மேகங்கள் ஓரளவு குளிர்ந்தன. எனவே துண்டுகள் பெரியனவாக இருந்தன. பேரண்டம் தோன்றிப் பத்து முதல் நாற்பது கோடி ஆண்டுகளுக்குள், சூரியனைப் போல் பன்மடங்கு எடையுள்ள விண்மீன்கள் பிறந்தன என்றும், அவற்றுள் சில நூறு மடங்கையும் கடந்திருக்கலாம் என்றும் அறிஞர் கணித்துள்ளனர்.

பெரிய விண்மீனுக்கு எரிபொருள் மிகுதி. ஆனால் செலவு அதனினும் மிகுதி. நம் சூரியனுக்கு மொத்த ஆயுள் ஏறத்தாழ 1,000 கோடி ஆண்டுகள். சூரியனைப் போல் 200 மடங்கு எடையுள்ள விண்மீனோ 20 முதல் 30 லட்சம் ஆண்டுகளிலேயே எரிந்து முடிந்துவிடும். அவ்வளவு காலமும் அது பல லட்சம் சூரியன்களின் ஒளியை வீசும்.

ஒளி பொருளாகும்போது

இனி அதன் இறப்பைக் காண்போம். நடுவிலுள்ள ஹைட்ரஜன் தீர்ந்ததும் ஹீலியம் எரிகிறது. அதுவும் தீர்ந்தபின், நடுப்பகுதி பெரும்பாலும் ஆக்சிஜனாக மாறியிருக்கிறது. எரிபொருள் தீர்ந்த நடுப்பகுதி சுருங்குகிறது; சுருங்கச் சுருங்கச் சூடேறுகிறது. வெப்பம் 100 கோடி டிகிரியை நெருங்கும்போதுதான் வியப்பான மாற்றம் நிகழ்கிறது.

ஒளி என்பது ஆற்றல் துகள்களின் கூட்டம். வெப்பம் மிகுந்தால் ஒவ்வொரு துகளின் ஆற்றலும் மிகும். ஒளி காமாக் கதிர்களாக மாறும். பொருள் ஆற்றலாகும், ஆற்றல் பொருளாகும் என்பது ஐன்ஸ்டைன் காட்டிய உண்மை. போதிய ஆற்றலுடைய காமாக் கதிர்கள் மோதும்போது, அவை மறைந்து இரண்டு பொருள் துகள்கள் தோன்றும். ஒன்று எலெக்ட்ரான், மற்றொன்று அதன் எதிர்த் துகளாகிய பாசிட்ரான். இவ்விரண்டும் எப்போதும் இணையாகவே பிறக்கும். இரண்டும் மீண்டும் சந்தித்தால் அழிந்து ஒளியாகும். ஆயினும் எந்நேரத்திலும் ஒரு பெருந்தொகை இணைகள் அங்கே இருந்துகொண்டே இருக்கும்.

இதன் விளைவு என்ன? நம் ஊர்களில் ஓலைக் கூரையைத் தரையில் கட்டி முடித்து, இருபது பேர் ஒன்றாகத் தூக்கிச் சுவரின்மேல் ஏற்றுவதுண்டு. தூக்கி நிற்கும்போது அவர்களில் சிலர் தோளை எடுத்துவிட்டுக் கூரையின் மேலேயே ஏறி உட்கார்ந்துவிட்டால் என்ன ஆகும்? தாங்குவோர் குறைவர். எஞ்சியவர்மேல் சுமை ஏறும். கூரை இறங்கும். விண்மீனில் நிகழ்வது இதுவே. தாங்கி நின்ற ஒளியில் ஒரு பகுதி, தாங்கும் வேலையை விட்டுப் பொருளாகிவிடுகிறது. சுருங்கும்போது கிடைக்கும் ஆற்றல் அழுத்தத்தைக் கூட்டுவதற்குப் பதிலாகப் புதிய இணைகளை உண்டாக்குவதில் செலவாகிறது. சுருங்கச் சுருங்க எதிர்ப்பு வளர வேண்டும். இங்கே எதிர்ப்பு போதிய அளவு வளர்வதில்லை. ஆகவே நடுப்பகுதி தன் எடையைத் தாங்க மாட்டாமல் சரிகிறது.

சரிவு நிமிடக் கணக்கில் நிகழ்ந்துவிடுகிறது. வெப்பம் 300 கோடி டிகிரியையும் கடந்து ஏறுகிறது. அங்கே சூரியனைப் போல் பல மடங்கு எடையுள்ள ஆக்சிஜன் இன்னும் எரியாமல் குவிந்துள்ளதல்லவா? இயல்பாக எரியும்போது அது உமி மூட்டம்போல் மெல்ல எரிந்திருக்கும். இப்போது வெடிமருந்துக் கிடங்கில் தீப் பற்றியது போல் ஒருசேர எரிகிறது. அவ்வெரிதலில் எழும் ஆற்றல் சரிவை நிறுத்துவதோடு அமையாது, விண்மீன் முழுவதையும் பிய்த்து எறியப் போதுமானதாகிறது. விண்மீன் சிதறிவிடுகிறது. இதனையே அறிஞர் இணை உறுதிகுலைவுச் சூப்பர்நோவா என்பர்.

பிற பெரிய விண்மீன்கள் மாளும்போது ஏதேனும் ஓர் எச்சம் இருக்கும். சூரியனைப் போல் பத்து, இருபது மடங்கு எடையுள்ளவை வெடித்தால், நடுவில் நியூட்ரான் விண்மீனோ கருந்துளையோ மிஞ்சும். இவ்வகை வெடிப்பில் ஒன்றும் மிஞ்சுவதில்லை. சாம்பலும் இல்லை, சமாதியும் இல்லை. விண்மீன் தன் வாழ்நாளிலும் இறுதி நொடிகளிலும் ஆக்கிய கரி, ஆக்சிஜன், மெக்னீசியம், சிலிக்கான், கந்தகம், கால்சியம், நிக்கல் அனைத்தும் வெளியே வீசப்படுகின்றன. பெரிய வெடிப்புகளில் 40 சூரியன்களின் எடைக்கும் மேற்பட்ட நிக்கல்-56 உண்டாகலாம். அந்நிக்கல் நிலையானதன்று, கோபால்ட்டாக மாறி, பின்னர் இரும்பாகிறது. அம்மாற்றத்தின்போது வெளிப்படும் ஆற்றலால்தான் வெடிப்பின் ஒளி மாதக் கணக்கில் மங்காது நிற்கிறது. சாதாரண விண்மீன் வெடிப்பைக் காட்டிலும் 100 மடங்கு வரை ஆற்றல் இதில் வெளிப்படலாம்.

எல்லாப் பெரிய விண்மீனும் இவ்வாறே மாளும் என்று எண்ணலாகாது. முதல் தலைமுறை விண்மீன்களைப் பற்றிய கணக்கின்படி, பிறக்கும்போது சூரியனைப் போல் ஏறத்தாழ 140 முதல் 260 மடங்கு எடையுடையவை மட்டுமே இவ்வாறு முற்றிலும் சிதறும். 100 முதல் 140 மடங்கு வரை உள்ளவற்றில் சரிவு சிறியது. விண்மீன் பலமுறை குலுங்கி, ஒவ்வொரு முறையும் மேற்புறத்தை உதறி, இறுதியில் கருந்துளையாகும். 260 மடங்குக்கு மேற்பட்டவற்றிலோ, உண்டாகும் வெப்பம் அணுக்கருக்களையே உடைத்துவிடும். அவ்வுடைப்பு ஆற்றலை விழுங்கிவிடுவதால் சரிவு நிற்பதில்லை. விண்மீன் அப்படியே கருந்துளைக்குள் மறைந்துவிடும்.

கணக்கு முன்னே, காட்சி பின்னே

இவ்வெடிப்பைக் கண்ணால் கண்டபின் அறிஞர் விளக்கம் தேடவில்லை. விளக்கம் முதலில் வந்தது. டிராக் என்னும் ஆங்கிலேய அறிஞர் 1928-இல் எழுதிய சமன்பாட்டிலிருந்து எதிர்த் துகள் உண்டு என்னும் கருத்து எழுந்தது. 1932-இல் அமெரிக்க அறிஞர் கார்ல் ஆண்டர்சன் பாசிட்ரானைக் கண்டறிந்தார். 1967-இல் ஜெருசலேம் நகரைச் சேர்ந்த பர்காட், ரக்காவி, சாக் ஆகிய மூவர், இவ்விணைகளால் பெரிய விண்மீன் சரிந்து வெடிக்கும் என்று கணக்கிட்டு வெளியிட்டனர். அப்போது அத்தகைய வெடிப்பு ஒன்றேனும் காணப்பட்டதில்லை.

நாற்பது ஆண்டுகள் கழித்து, 2007-ஆம் ஆண்டு, சுமார் 160 கோடி ஒளியாண்டுத் தொலைவில் ஒரு சிறு விண்மீன் மண்டலத்தில் வெடிப்பு ஒன்று காணப்பட்டது. அதன் ஒளி ஓராண்டுக்கு மேலாக மெல்ல மெல்லக் குறைந்தது. 2009-இல் ஒரு குழுவினர், தேடிய வெடிப்பு இதுவே என்றனர். வேறு சிலர், வேகமாகச் சுழலும் காந்த விண்மீன் ஒன்று உள்ளிருந்து ஆற்றலூட்டினாலும் இத்தகைய ஒளி தோன்றலாம் என்று மறுத்தனர். 2018-இல் காணப்பட்ட வேறொரு வெடிப்பு மூன்று ஆண்டளவு கண்காணிக்கப்பட்டது. 25 முதல் 44 சூரியன்களின் எடையுள்ள நிக்கல் அதில் உண்டாகியிருக்க வேண்டும் என்று 2024-இல் வெளியான ஆய்வு கூறுகிறது. இன்றுவரை கிடைத்தவற்றுள் மிக வலுவான சான்றாக அறிஞர் பலர் இதனைக் கருதுகின்றனர். இவை முதல் தலைமுறை விண்மீன்கள் அல்ல. அவை வாழ்ந்த காலம் மிகத் தொன்மையானது. கனமான தனிமங்கள் குறைந்த சிறு மண்டலங்களில் பிற்காலத்தில் பிறந்த பெரிய விண்மீன்களும் இவ்வாறு மாளக்கூடும் என்பதால் இவற்றைத் தேடுகின்றனர்.

மற்றொரு சான்று கருந்துளைகளிடமிருந்து வருகிறது. விண்மீன் எச்சமின்றிச் சிதறுமானால், ஒரு குறிப்பிட்ட எடை வரம்பில் கருந்துளைகளே பிறக்கக் கூடாது. சூரியனைப் போல் ஏறத்தாழ 50 முதல் 130 மடங்கு வரை இவ்விடைவெளி இருக்கும் என்பது கணக்கு. 2019-ஆம் ஆண்டு மே 21-ஆம் நாள் அமெரிக்காவின் லிகோ நிலையங்களும் இத்தாலியின் விர்கோ நிலையமும் ஈர்ப்பலை ஒன்றைப் பதிவு செய்தன. இரு கருந்துளைகள் மோதி ஒன்றானதால் எழுந்த அலை அது. அவற்றின் எடை சுமார் 85, 66 சூரியன்கள். இடைவெளிக்குள் கருந்துளை வந்தது எவ்வாறு? சிறு கருந்துளைகள் முன்னரே இணைந்து அவை உண்டாயிருக்கலாம் என்கின்றனர் சிலர். கணக்கின் எல்லைகளைத் திருத்த வேண்டும் என்கின்றனர் வேறு சிலர். ஆராய்ச்சி தொடர்கிறது.

மூன்றாவது வழி, பழைய விண்மீன்களில் முன்னோரின் அடையாளத்தைத் தேடுவது. இணை உறுதிகுலைவு வெடிப்பில் மெக்னீசியம், கால்சியம் போன்ற இரட்டைப்படை எண்ணுடைய தனிமங்கள் மிகுதியாகவும், சோடியம், அலுமினியம் போன்ற ஒற்றைப்படை எண்ணுடையவை மிகக் குறைவாகவும் உண்டாகும். அவ்வெடிப்பின் சிதறலிலிருந்து பிறந்த விண்மீனில் இவ்வேறுபாடு பதிந்திருக்க வேண்டும். 2023-இல் சீனாவின் லாமோஸ்ட் தொலைநோக்கி கண்ட பழைய விண்மீன் ஒன்றில் இவ்வடையாளம் உள்ளது என்று ஒரு குழு அறிவித்தது. உலகமே மகிழ்ந்தது. மறு ஆண்டே வேறு குழுவினர் அதே விண்மீனில் மேலும் சில தனிமங்களை அளந்து, அவ்வடையாளம் பொருந்தவில்லை என்று காட்டினர். யார் சொன்னார், அவர் எந்த நாட்டினர், எந்தக் குலத்தினர் என்று எவரும் கேட்கவில்லை. அளவு என்ன சொல்கிறது என்றே கேட்டனர்.

நாம் கொள்ள வேண்டியவை

இளைஞர்களே! இவ்வுரையிலிருந்து இரண்டு கருத்துகளை உங்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

முதலாவது, சான்று இல்லாத கூற்றுக்கு அஞ்சாதீர்கள். மேல்நிலை வகுப்பில் சேரும்போது, 'கணக்கும் இயற்பியலும் உனக்கு வராது. எளிதான பிரிவை எடுத்துக்கொள்' என்று நம் பிள்ளைகளிடம் கூறப்படுவதைப் பல்லாண்டுகளாகக் கேட்டு வருகிறோம். சில நேரம் அது இரக்கக் குரலில் வருகிறது. சில நேரம் ஏளனக் குரலில் வருகிறது. இரண்டிலும் சான்று இல்லை. பிறப்பைப் பார்த்து மூளையை அளக்கும் கருவி எந்த ஆய்வகத்திலும் இல்லை. பந்தியிலிருந்து விலக்கப்பட்ட சாகாவின் கணக்கைத்தான், அவரை விலக்கியவர்களின் பேரப்பிள்ளைகளும் இன்று படிக்கிறார்கள். விருப்பமும் உழைப்பும் உள்ள பிள்ளை எந்தப் பிரிவையும் எடுக்கலாம். கலைப் பிரிவை விரும்பி எடுப்பதில் இழிவு ஏதும் இல்லை. அஞ்சி எடுப்பதுதான் கூடாது. பெற்றோர்களும் பிள்ளைகளின் அச்சத்துக்கு உடன்பட்டுவிடாதீர்கள். பள்ளிக்கு வந்து ஆசிரியரிடம் காரணம் கேளுங்கள்.

இரண்டாவது, பெற்ற சொத்தை உணருங்கள். முதல் விண்மீன்கள் பெரிதாக எரிந்து விரைவில் தீர்ந்தன. அவை வீசிய கரியும் ஆக்சிஜனும் கலந்ததால் அடுத்த தலைமுறை மேகங்கள் நன்கு குளிர்ந்தன. சிறிய விண்மீன்கள் பிறந்தன. சிறியவை நெடுங்காலம் வாழ்ந்தன. சூரியனைவிடச் சற்றுச் சிறியவையாய் அந்நாளில் பிறந்த விண்மீன்கள் இன்றும் எரிந்துகொண்டிருக்கின்றன. தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்த தனிமங்களால்தான் பாறைக் கோள்களும் உயிர்களும் தோன்றின. நம் குருதியில் உள்ள இரும்பு பல விண்மீன்களின் இறப்பில் பிறந்தது. எல்லார் குருதிக்கும் அதே இரும்புதான். அதில் மேலும் இல்லை, கீழும் இல்லை.

இக்கழகத்தைத் தொடங்கிய முதல் தலைமுறைக்கும் முன்னோர் சேர்த்துவைத்த கல்வி இல்லை, பணம் இல்லை, அறிமுகம் இல்லை. தம் உழைப்பையே எரித்துப் படித்தனர். பிறரைப் படிக்க வைத்தனர். அவர்களில் பலர் தமக்கென்று ஒன்றும் மிச்சம் வைத்துக்கொள்ளவில்லை. ஆயினும் உவமையை அளவோடு நிறுத்துவோம். விண்மீன் தான் எரிவதை அறியாது, மனிதன் அறிவான். ஒவ்வொரு தலைமுறையும் எரிந்து தீர வேண்டும் என்று கேட்பது நீதியன்று. முன்னவர்கள் எரிந்தது, பின்னவர்கள் நிலைத்து ஒளிவிடுவதற்காகவே. ஆகவே உங்களிடம் தியாகத்தைக் கேட்கவில்லை. பெற்றதைக் கொண்டு நின்று, நெடுங்காலம் ஒளிவிடுங்கள் என்றே கேட்கிறோம்.

ஈர்ப்பலைகளை ஆராயும் லிகோ நிலையம் ஒன்றை மராட்டிய மாநிலம் ஹிங்கோலி மாவட்டத்தில் அமைக்க ஒன்றிய அரசு 2023-ஆம் ஆண்டு ஒப்புதல் அளித்தது. அத்தகைய நிலையத்துக்கு இயற்பியல் அறிஞர் மட்டுமல்லர், பொறியாளரும், கணினி வல்லுநரும், வெற்றிடக் கருவிகளைப் பேணும் தொழில்நுட்பப் பணியாளரும் வேண்டும். இன்று இங்கே எட்டாம் வகுப்பிலும் ஒன்பதாம் வகுப்பிலும் பயிலும் பிள்ளைகள் அவ்வாசலில் ஏன் நிற்கக் கூடாது? கழகத்தின் படிப்பகத்தில் கணக்குக்கும் அறிவியலுக்கும் மாலை நேர வகுப்பு ஒன்றை இவ்வாண்டு முதல் நடத்துமாறு செயற்குழுவை வேண்டுகிறோம். அதில் பாடம் சொல்லித்தர ஓய்வு நேரத்தில் வருவதற்கு ஆசிரியர்களாகிய நாம் அணியமாக உள்ளோம். கல்லூரியில் பயிலும் இளைஞர்களும் வாரத்தில் ஒரு மாலையேனும் தருதல் வேண்டும்.

முதல் விண்மீன் மாண்ட கதை இன்னும் முழுமையாக எழுதி முடிக்கப்படவில்லை. கணக்கு இருக்கிறது, ஐயத்துக்கு இடமற்ற சான்று இனித்தான் கிடைக்க வேண்டும். அதைத் தேடுவோர் வரிசையில் நம் பிள்ளைகளும் இடம் பெற வேண்டும்.